பங்களா மாப்பிள்ளை

நான் கீறிய வீட்டுப் பிளான்களில் கட்டப்படாமலே போனவை பதினொன்று. பதினொன்றும் ஒரே ஆளுக்காக, ஒரே வளவுக்காகக் கீறியவை. கல்முனைக்குடியில் என் மேசைக்குக் கீழே கிடக்கும் தகரப் பெட்டிக்குள் அவை இன்னும் சுருண்டு கிடக்கின்றன. கறையான்கூட அவற்றை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அந்த ஆளுக்கு ஊரில் பெயர் பங்களா மாப்பிள்ளை. உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது கலியாணப் பதிவிலும் சம்பளப் பட்டியலிலும் மட்டும் பாவிக்கப்பட்டது. தலை முழுவதும் நரைத்து, வாயில் நாலைந்து பல் மிஞ்சியிருந்த காலத்திலும் அவர் மாப்பிள்ளைதான். மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருடமாகிறது. அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னபோது, யாரது என்று நானே ஒரு நிமிடம் யோசித்தேன். 'பங்களா மாப்பிள்ளை' என்று சேர்த்துச் சொன்ன பிறகுதான் தெருவில் ஆட்கள் வெளியே வந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூரார் பலருக்கு விளங்குவதில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே வாப்பாவுக்கு வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில் இருக்கும். இத்தனை பேருக்கு வீடு கீறிக்கொடுத்த என் மேசையே என் மனைவியின் வீட்டு விறாந்தையில்தான் கிடக்கிறது. அவள் கோபித்தால் மேசையும் நானும் தெருவில். ஆகவே இந்த ஊரில் ஓர் ஆண் தான் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பெருமையடிப்பது இரவல் சால்வையைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போவது போல. பங்களா மாப்பிள்ளை போட்ட இரவல் சால்வை கொஞ்சம் பெரியது.

அந்த வீட்டைக் கட்டியவர் ராத்தாவின் உம்மாவுடைய வாப்பா. ராத்தா என்று நான் அக்கா முறையில் சொல்வது மாப்பிள்ளையின் மனைவியை; அவர் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. அந்த மூத்தவர் ஒரு பெரிய போடியார். கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரு சோலியாகப் பதுளைப் பக்கம் போனவர், அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவைக் கண்டு அசந்து போனாராம். ஊருக்குத் திரும்பி, மேசனைக் கூப்பிட்டு அங்கே அனுப்பினாராம். "போய்ப் பாத்திட்டு வா. ஒண்டையும் உட்டுடாத. அப்பிடியே கட்டு" என்பது கட்டளை.

மேசன் சொல் தவறாத மனிதன். முன்னால் உருண்டைத் தூண்கள் நிற்கும் அகன்ற விறாந்தை, பதினான்கு அடி உயரச் சுவர், எதிரும் புதிருமாகப் பெரிய யன்னல்கள், யன்னலுக்கு மேலே வர்ணக் கண்ணாடி, முதிரை மரக் கதவு, கால் வைத்தால் குளிரும் சிவப்புச் சீமெந்துத் தரை எல்லாம் கட்டினான். ஒன்றையும் விடக் கூடாது என்று உத்தரவாயிற்றே! ஹோல் சுவரில் குளிர்காயும் அடுப்பு ஒன்றையும் கட்டி, கூரைக்கு மேலே புகைபோக்கியையும் எழுப்பிவிட்டான்.

கல்முனையில் குளிர்காய அடுப்பு! சித்திரை மாதத்தில் காகம் வாயைத் திறந்துகொண்டு கிணற்றடியில் நிற்கும் ஊர் இது. போடியார் முதலில் திகைத்தாராம். பிறகு, துரை வீட்டில் உள்ளது தன் வீட்டிலும் உள்ளது என்ற கௌரவத்தில் விட்டுவிட்டாராம். வாழைக்குலையை உள்ளே வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைத்ததைத் தவிர, அந்த அடுப்பில் வேறு ஒரு வேலையும் நடக்கவில்லை.

மாப்பிள்ளை இந்தக் கதையைச் சொல்லாமல் யாருக்கும் தேத்தண்ணி கொடுத்ததில்லை. கலியாணக் கார்ட் கொண்டு வந்தவர், கறண்ட் மீற்றர் பார்க்க வந்தவர், வழி கேட்டு வந்தவர், எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு நாள் மீற்றர்க்காரரைப் பிடித்து ஹோல் சுவரில் காதை வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கல்ல காக்கா."

"அதுதான் சுவர்! இப்பக் கட்டுற சுவர் எண்டா அடுத்த அறையில படுக்கிறவர்ட கொறட்டை கேக்கும்."

மீற்றர்க்காரர் தலையாட்டினார். மீற்றரைப் பார்க்காமலே போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது பாலமுனையில், மூன்று அறை கொண்ட ஒரு சின்ன வீட்டில். கலியாணத்தன்று பங்களாவுக்குள் கால் வைத்ததைப் பற்றி எனக்கு ஒரு தடவை சொன்னார். "தம்பி, அண்டைக்கு நான் பொண்ணப் பாக்குறத்துக்கு முதல் முகட்டத்தான் பாத்தன். என்ன ஒசரம்!" இதை அவர் ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னதுதான் விசேஷம். ராத்தா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் அந்தத் தடித்த சுவரையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இல்லை என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் ஓம். பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவில் இரண்டு பகுதியாரும் வந்து ஆதரவு கேட்டார்கள். இரண்டு பகுதிக்கும் ஓம். தெரிவு நடந்த அன்று உம்மாவுக்குச் சுகமில்லை என்று பாலமுனைக்குப் போய்விட்டார். விசாரிக்கப் போனவர்களுக்கு அந்த உம்மாவே மீன் ஆணம் காய்ச்சிச் சோறு போட்டாராம். ஒரே நாளில் மூன்று கலியாணச் சாப்பாட்டுக்கு ஓம் சொல்லி, மூன்றிலும் போய்ச் சாப்பிட்ட வரலாறும் உண்டு. ஏதோ ஒரு அரச கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். வித்தையை அங்கேதான் படித்திருக்க வேண்டும். "மாட்டன் எண்டு சொன்னா மனிசன் சண்டைக்கு வருவான் தம்பி. ஓம் எண்டு கடுதாசிய வாங்கி வெச்சா சலாம் சொல்லிட்டுப் போவான்" என்பார்.

இந்த ஓமை வைத்துத்தான் அவர் அந்த வீட்டை முப்பது வருடம் காப்பாற்றினார்.

உடைக்கச் சொன்னவர் வேறு யாருமல்ல, ராத்தாதான். அவருடைய பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ராத்தாவுக்கு மூன்று தங்கச்சிமார். மூத்தவருக்குப் பங்களா போக, மற்ற மூவருக்கும் வாப்பா புதிதாகக் கட்டிக் கொடுத்தார். மூன்றும் மாடி வீடு. மாபிள் பதித்த தரை, அலுமினிய யன்னல், படிக்கட்டில் வளைந்து போகும் கைபிடி. அவர்கள் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கதிரையில் இருப்பார்கள். ராத்தாவோ தும்புக் கட்டையும் மெழுகும் எடுத்துச் சிவப்புத் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பதினான்கு அடி உயரத்தில் ஒட்டறை அடிக்க நீண்ட கம்பு வேண்டும்; கம்பைத் தூக்கினால் கழுத்து நோகும். மாரியில் ஓடு ஒழுகும், ஓட்டுக்குள் வௌவால். சுவரின் உயரத்தைப் புகழ்ந்தவர் ஒரு நாளும் அந்தக் கம்பைத் தொட்டதில்லை.

"இந்த ஊட்ட ஒடைச்சிட்டு மாடி கட்டுவம்" என்று ராத்தா சொன்னபோது அவர் உடனே ஓம் என்றார். அடுத்த நாள் காலை என்னிடம் வந்துவிட்டார். அதுதான் முதலாவது பிளான்.

நான் மூன்று நாள் மினக்கெட்டு நல்ல ஒரு மாடி வீடு கீறினேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு என் எதிரே இருந்தார்.

"ஹோல் எத்தின அடி தம்பி?"

"பன்னெண்டுக்குப் பதினாறு காக்கா."

"சின்னன். பதினெட்டுக்கு இருவத்திநாலு போடுங்க. சுவர் ஒசரம்?"

"ஒம்பதரை."

"மூச்சு முட்டுமே. பதினாலாக்குங்க."

"பதினாலு வெச்சா மேல மாடி வெக்கிறது கஷ்டமே காக்கா?"

"மாடியப் பொறகு பாப்பம். முன்னுக்கு ஒரு விறாந்தை வரட்டும். தூண் உருண்டையா இருந்தா வடிவு."

திருத்தம் முடிய நாலு நாள் ஆயிற்று. எனக்கு ஒரு சந்தேகம். இருக்கிற பங்களாவின் அளவுகளை வேறொரு தாளில் கீறி வைத்திருந்தேன். இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. குளிர்காயும் அடுப்பு இருந்த இடத்தில் மட்டும் 'டீவி வைக்கும் இடம்' என்று எழுதச் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு மேலே புகைபோக்கி அப்படியே நின்றது.

"டீவிக்கு என்னத்துக்குக் காக்கா புகைபோக்கி?"

"சூடாகுமே தம்பி."

ராத்தாவுக்குப் பிளான் பார்க்கத் தெரியாது என்று நாங்கள் இருவரும் நினைத்தது பிழை. விரித்ததும், "இது நம்மட ஊடுதானே?" என்றார். மாப்பிள்ளை கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஓம் புள்ள. தம்பி பிழையாக் கீறிட்டார். திருத்துவம்." அன்று தொடங்கி ஊர்ப் பெண்கள் மத்தியில் எனக்குக் கணக்குத் தெரியாது என்று ஒரு பெயர். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த வீட்டில் ஒரு கண் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இப்படியே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பிளான். ஒரு தடவை ராத்தா பிளானுக்குக் காத்திராமல் மேசனையே கூட்டிவந்துவிட்டார். மேசன் சுவர் பெயர்க்கும் அலவாங்கோடு முற்றத்தில் நின்றான். மாப்பிள்ளை விறாந்தையிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"ஓம் மேசன், ஒடைக்கத்தான் வேணும். முதல் தேத்தண்ணியக் குடிங்க. ஒரு விசயம், ஓட்டுக்குக் கீழ குருவிக் குஞ்சு இரிக்கி. பாவம், அதுகள் பறக்கட்டும். நாலே நாள்."

உயிருள்ள குஞ்சைக் கொல்லச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ராத்தாவே தேத்தண்ணி ஊற்றப் போனார். நாலு நாளில் குஞ்சு பறந்தது. தாய்க்குருவி மீண்டும் முட்டையிட்டது. அந்தக் குருவிக்கு மாப்பிள்ளை விடியப்புறம் குறுணல் அரிசி போட்டுவந்தது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் நோன்பு வந்தது, அதன் பின்னால் மழை வந்தது, மேசன் கட்டாருக்குப் போய்விட்டான்.

கடல் பொங்கி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மட்டும் கொஞ்சக் காலம் பிளான் பேச்சு இல்லை. தண்ணீர் பங்களாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. வீடிழந்த சனம் அந்த ஹோலிலும் விறாந்தையிலும் கிழமைக்கணக்கில் படுத்தது. ராத்தாதான் அத்தனை பேருக்கும் உலை வைத்தார். அந்த நாட்களில் அவர் வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் ஆசை போய்விடவில்லை என்பதை அடுத்த வருடம் வந்த ஏழாவது பிளான் காட்டியது.

உண்மையான ஆபத்து மகளின் வடிவில் வந்தது. அவர்களுக்கு ஒரே மகள். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளைப் பையன் எஞ்சினியர், நல்ல பிள்ளை. மகளுக்கும் பிடித்துவிட்டது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. "ஊடு பழசாம். ஒடைச்சி மாடி கட்டித் தந்தாத்தான் கலியாணமாம்" என்று தரகர் வந்து சொன்னார்.

பங்களா மாப்பிள்ளை ஓம் என்றார். இந்த ஓம் வேறு மாதிரி இருந்தது. பதினோராவது பிளானுக்கு என்னிடம் வந்தவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். விறாந்தைத் தூணைக்கூடக் கேட்கவில்லை.

"மகளுக்குப் புடிச்சிரிக்கி தம்பி. இந்த முறை தப்பாது."

குருவியைக் காட்டி மேசனை மடக்கலாம். மகளின் வாழ்க்கையை வைத்து விளையாட அவருக்கு மனம் வரவில்லை.

மேல்மாடியில் அறைகள் எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல, பையனின் உம்மாவும் இரண்டு சகோதரிமாரும் ஒரு மாமாவும் வருவதாக ஏற்பாடு. பிளானை விளக்க என்னையும் வரச் சொன்னார்கள். சித்திரை மாதம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டும் வெயில். ராத்தா நெய்ச்சோறும் இறைச்சியும் வட்டிலப்பமும் என்று விருந்தை அமர்க்களப்படுத்திவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது கறண்ட் நின்றது.

"பிளானப் பாக்க முதல் கொஞ்சம் முதுகச் சாய்ப்பம் கா" என்றார் பையனின் உம்மா. ஹோலில் பெண்களுக்குப் பாய் விரித்தார்கள். கடல் பக்கத்து யன்னலால் வந்த காற்று பின் யன்னலால் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த உம்மா பாயைத் தள்ளிவிட்டு வெறும் சிவப்புத் தரையில் உருண்டுவிட்டார் என்று மகள் வந்து சொன்னாள். மாமா விறாந்தைச் சாய்கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். பிளானை மடியில் வைத்துக்கொண்டு நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

இடையில் ஒரு தடவை விழித்தபோது ஒரு காட்சி கண்டேன். பங்களா மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் முற்றத்தில் நடந்து காகம் கலைத்துக்கொண்டிருந்தார். கேற்றடியில் ஐஸ்கிறீம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அதை மறித்து, மணியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, வண்டிக்காரனோடு சேர்ந்து அடுத்த சந்தி வரைக்கும் நடந்தார்.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் அந்த வீடு விழித்தது. பையனின் உம்மா ஹோல் கதவடிக்கு வந்தார். கன்னத்தில் தரையின் கோடு பதிந்திருந்தது.

"எங்கட மாடியில பகல்ல கண் மூடி எத்தின வரிசமாப் போச்சு! இந்த ஊட்ட என்னத்துக்கு ஒடைக்கிற? விசரா?"

நான் பிளானை விரிக்கப் போனேன்.

"அதச் சுருட்டுங்க தம்பி" என்றார் அந்த உம்மா.

"ஓம்" என்றார் பங்களா மாப்பிள்ளை. அவ்வளவு வேகமான ஓமை நான் அவரிடம் கேட்டதில்லை. பிளானைச் சுருட்டியதும் அவரேதான்.

கலியாண நாள் குறித்தாயிற்று. ஊரே சிரித்துச் சிரித்துக் கதைத்தது. ஒரு கிழமை போயிருக்கும், ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியோடு கதைக்க வந்தவர், போகும்போது என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"முப்பது வரிசமா ஒரு மாடி கேட்டன் தம்பி. ஒரு நாளாவது இல்ல எண்டு சொல்லியிருந்தா சண்டை புடிச்சிருப்பன். என்ட ஊடு, என்ட உறுதி. ஆள் வெச்சி இடிச்சிருப்பன். ஓம் எண்டு சொல்லுற மனிசனோட என்னெண்டு சண்டை புடிக்கிற?" சால்வையால் முகத்தைத் துடைத்தார். "இவ்வளவு காலமும் இவர் என்னோட கதைக்கவே இல்ல. அந்த ஊட்டோடதான் கதைச்சிரிக்கார். நீங்களும் கூட்டு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினொரு தடவை அந்த மனிதரின் பென்சிலுக்குச் சிரித்தவன் நான். ஒரு தடவையாவது ராத்தாவிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது, ராத்தா சொன்னதை ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னேன். ஓம் என்பார் என்று பார்த்தேன். செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் காலை இருவருமாக என் விறாந்தைக்கு வந்தார்கள். கலியாணம் முடிந்தால் பங்களா மகளுக்கு. உம்மாவும் வாப்பாவும் வளவின் பின்பக்கம் ஒரு வீடு போட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். இரண்டு அறையும் ஒரு குசினியும் போதும் என்று அநேகர் விட்டுவிடுவார்கள்.

"இவ சொல்லுறபடி கீறுங்க தம்பி" என்றார். பென்சிலை அவர் தொடவில்லை.

ராத்தா சொல்லச் சொல்ல நான் கீறினேன். மேல்மாடி. மாபிள். அலுமினிய யன்னல். வளைந்த கைபிடி. "சுவர் ஒசரம்?" என்று கேட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் அவரைப் பார்த்தேன். அவர் தெருவில் போன மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதரை" என்றார் ராத்தா. "கதிரையில ஏறிக் கையால ஒட்டறை அடிக்கலாம்."

பன்னிரண்டாவது பிளான் ஒரே இருப்பில் முடிந்தது. வீடு நாலே மாதத்தில் எழும்பியது. கொங்கிறீட் காயாமல் தினமும் தண்ணீர் விட்டவர் அவர்தான். மகளின் கலியாணத்துக்கு மறுகிழமை, தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களாவை விட்டு இறங்கினார்.

அடுத்த சித்திரையில் ஒரு சோலியாக அங்கே போனேன். மத்தியானம். பங்களா விறாந்தையில் புது மருமகன் நல்ல நித்திரை. மகள்தான் எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா பின்னுக்கு, மேல் மாடியில இரிக்கார். இஞ்ச வந்து படுங்க வாப்பா எண்டு இவரும் நாளாந்தம் கூப்பிடுறார். ஓம், ஓம் எண்டுறார், வாறார் இல்ல."

மாடிப்படியில் ஏறும்போதே கைபிடி சுட்டது. மேலே அவர் ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பெனியன் முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே தாழ்வாகக் கொங்கிறீட் கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் மேசை மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழன்றது. என்னைக் கண்டதும் சிரித்தார். பகிடி விடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"என்ன காக்கா, வெக்கையா இரிக்கா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் ராத்தா தேத்தண்ணித் தட்டோடு படியேறி வந்து என் பின்னால் நின்றார். அவர் ராத்தாவைப் பார்த்தார். நாடியில் தொங்கிய வேர்வை மாபிளில் சொட்டியது.

"இல்லையே தம்பி" என்றார்.

நான் திகைத்துப்போனேன். ராத்தாதான் முதலில் சிரித்தார்.

"கேட்டீங்களா தம்பி? முப்பது வரிசத்துல இண்டைக்குத்தான் இல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுறார். அதுவும் பொய்."

சொல்லிக்கொண்டே தட்டை என்னிடம் தந்துவிட்டு, மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு நேரே வைத்தார்.